நிலைக்கு மேலே சாவி

கலசப்பாக்கத்தில் என் சித்தி குடியிருந்த தெருவில் சாவியைக் கையோடு கொண்டுபோகும் வழக்கம் யாருக்கும் கிடையாது. வீட்டைப் பூட்டுவார்கள். திண்டுக்கல் பூட்டு. இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார்கள். அப்புறம் சாவியை எட்டி நிலைக்கு மேலே வைத்துவிட்டு மல்லாட்டைக் கொல்லைக்கோ போளூருக்கோ போய்விடுவார்கள். (மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. அந்தப் பக்கத்தில் வேர்க்கடலை என்று கேட்டால் உங்களை மெட்ராஸ்காரர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.)

பத்தாவது படிப்பதற்காக 1981-ல் அங்கே ஒரு வருஷம் தங்கியிருந்தேன். "சாவி அங்கே இருக்கறது தெருவுக்கே தெரியும். அப்புறம் எதுக்கு சித்தி பூட்டு?" என்று ஒருநாள் கேட்டேன்.

சித்தி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "பூட்டு தொங்கினா வூட்ல ஆள் இல்லன்னு அர்த்தம். ஆள் இல்லாத வூட்டுக்குள்ள உனக்கு இன்னா வேலை?" என்றாள்.

அந்தப் பதிலை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த வாரம் அதைப் பற்றித்தான் உங்களிடம் பேசப்போகிறேன். அதற்கு முன் கொஞ்சம் ஜெனிவா வரை போய்வர வேண்டியிருக்கிறது.

கம்ப்யூட்டர் உலகத்தில் 'நீ யார்? நீ சொல்கிற ஆள்தானா?' என்று கேட்டு உள்ளே விடுகிற வேலைக்கு ஆதென்டிகேஷன் என்று பெயர். நீங்கள் தினமும் பத்துத் தடவையாவது இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறீர்கள். பாஸ்வேர்டு, ஓ.டி.பி., விரல் ரேகை, முகம். இந்தக் கேள்விக்குப் பதிலே சொல்லாமல் உள்ளே போய்விடுவதை 'பைபாஸ்' என்கிறார்கள். ஊருக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு போகிறோமே, அதே பைபாஸ்தான். பூட்டை உடைப்பதில்லை. கள்ளச்சாவி போடுவதில்லை. பூட்டு பூட்டியபடியே தொங்கும். ஆள் மட்டும் உள்ளே இருப்பான்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் ஆரம்பித்தது. அதன் மேனேஜ்எஞ்சின் பிரிவு பெரிய அலுவலகங்களுக்கான மென்பொருட்களைத் தயாரிக்கிறது. அவற்றில் ஒன்று ஏ.டி. செல்ஃப்சர்வீஸ் ப்ளஸ். திங்கட்கிழமை காலையில் பாஸ்வேர்டை மறந்துவிட்டு முழிக்கும் ஊழியர், ஐ.டி. துறையைத் தொந்தரவு செய்யாமல் தானே புது பாஸ்வேர்டு போட்டுக்கொள்ள உதவும் சாஃப்ட்வேர். அதாவது, சாவியைத் தொலைத்தவனுக்குச் சாவி கொடுக்கும் ஆள். ஊரில் எல்லா வீட்டுச் சாவியையும் வாங்கி வைத்துக்கொள்ளும் முக்குக்கடை அண்ணாச்சி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

2021-ல் இதில் ஓர் ஓட்டை தெரியவந்தது. டெக்னிக்கலாக ரொம்பச் சின்ன விஷயம். வாசலில் ஒரு வாட்ச்மேன். 'சமையல்கட்டுக்குப் போகணும்' என்று யாராவது சொன்னால் அடையாள அட்டை கேட்க வேண்டும் என்று அவருக்கு உத்தரவு. ஒருவன் வந்து, 'இதோ இங்கேயே இருக்கிற சமையல்கட்டுக்குப் போகணும்' என்றான். வாட்ச்மேனிடம் இருக்கிற காகிதத்தில் 'சமையல்கட்டு' என்றுதான் எழுதியிருக்கிறது. இது வேறு ஏதோ போல என்று விட்டுவிட்டார். உள்ளே இருந்த பணியாளுக்கோ இரண்டும் ஒன்றுதான். நேராக சமையல்கட்டில் கொண்டுபோய் விட்டார். முகவரியில் ஒரு புள்ளியும் ஒரு சாய்வுக்கோடும் கூடுதல். வாசல்காரன் புரிந்துகொண்டதும் வீட்டுக்குள் இருப்பவன் புரிந்துகொண்டதும் வேறு வேறு. ஓட்டை அந்த இடைவெளியில்.

2021 செப்டம்பர் 6-ம் தேதி நிறுவனம் இதற்கு மருந்து வெளியிட்டது. 'பேட்ச்' என்பார்கள், ஒட்டுப்போடுவது. செப்டம்பர் 16-ம் தேதி அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யும் இணையப் பாதுகாப்பு அமைப்பும் கடலோரக் காவல் படையின் இணையப் பிரிவும் சேர்ந்து, 'இந்த ஓட்டை வழியாக ஆட்கள் ஏற்கெனவே நுழைந்துகொண்டிருக்கிறார்கள், உடனே ஒட்டுப்போடுங்கள்' என்று எச்சரித்தன.

ஒட்டுப்போடாமல் விட்டவர்களில் ஒருவர், ஜெனிவாவில் இருக்கும் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம்.

நவம்பர் 9-ம் தேதி, அதாவது பேட்ச் வந்து 64 நாட்கள் கழித்து, யாரோ அதே ஓட்டை வழியாக உள்ளே போனார்கள். 2022 ஜனவரி 18-ம் தேதிதான் கண்டுபிடித்தார்கள். எழுபது நாட்கள்! உள்ளே போனவர்கள் அங்கேயே அட்மினிஸ்ட்ரேட்டர் மாதிரியும் ஊழியர் மாதிரியும் நடமாடியிருக்கிறார்கள். அவர்கள் தொட்டது, பணமோ சம்பளப் பட்டியலோ அல்ல. சுமார் 5,15,000 மனிதர்களைப் பற்றிய விவரங்கள். போரில், புலம்பெயர்தலில், புயல் வெள்ளத்தில் குடும்பத்தைப் பிரிந்தவர்கள், காணாமல் போனவர்கள், அவர்களைத் தேடும் உறவினர்கள், சிறையில் இருப்பவர்கள். குறைந்தது 60 நாடுகளின் செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்கள் சேகரித்துக் கொடுத்தவை. பிரிந்தவர்களைச் சேர்த்துவைக்கும் இந்த வேலையில் அந்த இயக்கம் சராசரியாக ஒரு நாளைக்கு 12 பேரைக் குடும்பத்தோடு சேர்த்துக்கொண்டிருந்தது. திருட்டு தெரிந்ததும் அந்தக் கம்ப்யூட்டர்களையே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

இது எப்பேர்ப்பட்ட தகவல் என்று நமக்குப் புரிய இலங்கையை நினைத்தால் போதும். அங்கே 1990 முதல், காணாமல் போனவர்கள் பற்றி 16,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை செஞ்சிலுவைச் சங்கம் பதிவு செய்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரு தாயோ மனைவியோ உட்கார்ந்து, மகன் கடைசியாக என்ன சட்டை போட்டிருந்தான், எந்தச் சாலையில் யார் பார்த்தார்கள் என்று சொல்லியிருப்பாள். போலீசிடம் சொல்லப் பயந்ததை, பக்கத்து வீட்டில் சொல்ல முடியாததை, இவர்கள் யாரிடமும் காட்டமாட்டார்கள் என்ற ஒரே தைரியத்தில் சொல்லியிருப்பாள்.

இப்போது உங்களிடம் கேட்கிறேன். யார் மேல் தப்பு?

'திருடன் மேல்தான், இதில் என்ன சந்தேகம்?' என்பீர்கள். சரி. ஆனால் தெருவில் ஒரு வீட்டில் திருட்டுப் போனால் நாம் முதலில் என்ன கேட்கிறோம்? 'பூட்டினீங்களா? நல்லா இழுத்துப் பார்த்தீங்களா? பீரோ சாவியை எங்கே வச்சீங்க?' திருடனை விட்டுவிட்டுப் பறிகொடுத்தவரை விசாரிக்க ஆரம்பித்துவிடுவோம். இதில் ஒரு சுயநலம் இருக்கிறது. அவர் கவனக்குறைவானவர் என்று நிரூபித்துவிட்டால், கவனமான நமக்கு இது நடக்காது என்று நிம்மதியாகத் தூங்கலாம்.

அதே சமயம், பறிகொடுத்தது தன்னுடைய நகையாக இருந்தால் அவர் கவனக்குறைவு அவரோடு போயிற்று. அடுத்தவர் நம்பிக் கொடுத்ததைத் தொலைத்தால்? செஞ்சிலுவைச் சங்கம் இந்த இடத்தில் ஒரு காரியம் செய்தது. 2022 பிப்ரவரியில், வருஷத்துக்குப் பல்லாயிரக்கணக்கில் ஒட்டுப்போடுகிறோம், இந்த ஒன்றை நேரத்துக்குப் போடவில்லை என்று தாங்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். எந்த ஓட்டை, எந்தத் தேதி, எத்தனை நாள், எல்லாம். கம்பெனிகளின் அறிக்கைகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இது அதிசயம். 'உங்கள் தகவல்களின் பாதுகாப்பை நாங்கள் மிகவும் முக்கியமாகக் கருதுகிறோம்' என்று ஒரு அறிக்கை ஆரம்பித்தால் ஏதோ தொலைந்துவிட்டது என்று அர்த்தம்.

பூட்டு செய்தவரின் பாடும் சுலபமில்லை. 'நான் விற்ற பூட்டில் கோளாறு, எல்லோரும் வந்து மாற்றிக்கொள்ளுங்கள்' என்று தண்டோரா போட்டால், திருடனுக்கும் அது கேட்கும். ஒட்டுப்போட்ட இடத்தைப் பார்த்தாலே ஓட்டை எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும். சொல்லாமல் இருந்தால் இன்னும் மோசம், ஏற்கெனவே தெரிந்த திருடன் மட்டும் நிம்மதியாக இருப்பான். அதனால் சொல்லியே ஆகவேண்டும். சொன்ன நிமிஷத்தில் ஓட்டப்பந்தயம் ஆரம்பித்துவிடுகிறது. அதில் கமிட்டி கூட்டி அனுமதி வாங்கி ஓடுகிறவன், தனியாக ஓடுகிறவனிடம் தோற்பதுதான் வழக்கம்.

இன்னொரு ஆள் பாக்கி. திறந்திருப்பதை முதலில் கண்டுபிடிக்கிறவன்.

2021 ஆகஸ்ட் கடைசியில், தாம்பரத்தில் ஒரு பிளஸ் டூ மாணவர் ஐ.ஆர்.சி.டி.சி. இணையதளத்தில் ரயில் டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தார். தன் டிக்கெட்டின் பரிவர்த்தனை எண்ணை மாற்றிப் பார்த்தால் வேறு யாரோ ஒருவரின் பெயர், வயது, பயண விவரம் வந்தது. நினைத்தால் கேன்சல்கூடச் செய்யலாம். பையன் செய்தது, மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கு எழுதிப் போட்டது. ஐந்தே நாளில் சரிசெய்துவிட்டார்கள். நம் ஊர்க்காரர் லக்ஷ்மண் முத்தையா 2019-ல் இன்ஸ்டாகிராமின் கதவைத் தட்டிப் பார்த்தார். பாஸ்வேர்டு மறந்தவருக்கு ஆறு இலக்க எண் ஒன்றை அனுப்புவார்கள், ஆயுள் 10 நிமிஷம். மொத்தம் 10 லட்சம் எண்கள்தான் சாத்தியம். ஒரே இடத்திலிருந்து நிறைய முயன்றால் தடுப்பார்கள். அவர் 1,000 முகவரிகளிலிருந்து ஒரே நேரத்தில் 2 லட்சம் எண்களை அனுப்பிக் காட்டினார். தடுக்கவில்லை. ஃபேஸ்புக் அவருக்கு 30,000 டாலர் பரிசு கொடுத்தது.

எல்லாருக்கும் பரிசு கிடைப்பதில்லை. 2018 ஜனவரியில் 'தி டிரிப்யூன்' பத்திரிகை, 500 ரூபாய் கொடுத்து 10 நிமிஷத்தில் ஆதார் விவரங்களைப் பார்க்கும் வசதி வாங்கியதாகச் செய்தி போட்டது. கைரேகைத் தகவல் எதுவும் கசியவில்லை என்றது ஆதார் ஆணையம். போலீசில் அது கொடுத்த புகாரின் பேரில் பதிவான எஃப்.ஐ.ஆரில் நிருபரின் பெயரும் இருந்தது. சட்டத்தைப் பார்த்தால், 2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-வது பிரிவு, சொந்தக்காரரின் அனுமதி இல்லாமல் கம்ப்யூட்டருக்குள் போகக்கூடாது என்கிறது. நேர்மையில்லாமல் போனால் 66-வது பிரிவு, மூன்று வருஷம் வரை உள்ளே. கதவு பூட்டியிருந்ததா, திறந்திருந்ததா என்று சட்டம் கேட்பதில்லை. என் சித்தி மாதிரிதான். ஆள் இல்லாத வீட்டுக்குள் உனக்கு என்ன வேலை?

ஆனால் கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள அதைக் கொஞ்சமாவது தள்ளிப் பார்க்கத்தானே வேண்டும்? எவ்வளவு தள்ளலாம்? தலையை நீட்டலாமா? ஒரு காலை வைக்கலாமா? தாம்பரம் பையன் முதல் எண்ணை மாற்றியபோது அது விளையாட்டு. யாரோ ஒருவரின் பெயர் வந்ததும் நிறுத்தினானே, அந்த இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்று நினைக்கிறேன். இதை எந்தச் சட்டப்பிரிவில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பிளேட்டோ தன் 'குடியரசு' நூலின் இரண்டாம் பகுதியில் ஒரு மோதிரக் கதை வைத்திருக்கிறார். லிடியா நாட்டு இடையன் ஒருவனுக்கு, கல்லை உள்பக்கம் திருப்பினால் ஆளே மறைந்துபோகும் மோதிரம் கிடைக்கிறது. அரண்மனைக்குப் போய் ராணியை வசப்படுத்தி, ராஜாவைக் கொன்று, நாட்டையே பிடித்துவிடுகிறான். இந்த மோதிரத்தை ஒரு யோக்கியனுக்கும் ஒரு அயோக்கியனுக்கும் கொடுத்துப் பாருங்கள், இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்வார்கள் என்று கிளாக்கன் வாதம் செய்கிறார். யோக்கியதை என்பதே மாட்டிக்கொள்வோம் என்ற பயம்தானாம். வள்ளுவருக்கு இந்தக் கட்சி பிடித்திருக்காது. கள்ளாமை அதிகாரத்தில் அவர் காவலாளியைப் பற்றியோ பூட்டைப் பற்றியோ பேசுவதில்லை, நேராக மனசைப் பிடித்துக்கொள்கிறார்.

நான் எந்தக் கட்சி என்று சொல்ல யோக்கியதை இல்லாதவன். காரணம் சொல்கிறேன்.

தை மாதம் ரதசப்தமி அன்று திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் கலசப்பாக்கம் செய்யாற்றுக்கு எழுந்தருளுவார். தீர்த்தவாரி. ஜவ்வாது மலையிலிருந்து வரும் அந்த ஆற்றின் மணலில் அன்றைக்கு ஊரே இருக்கும். பொரி, கரும்பு, ராட்டினம், பலூன். அந்த வருஷம் எனக்குத் தலைவலி. பாதியிலேயே திரும்பிவிட்டேன். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. எல்லாக் கதவிலும் பூட்டு. எதிர்வீட்டு அக்காவிடம், வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்து பைண்டு செய்த புத்தகங்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. கேட்டால் கொடுப்பார். கேட்க ஆள் இல்லை. சாவி நிலைக்கு மேலே.

எடுத்தேன். திறந்தேன். ஒரு புத்தகத்தை உருவினேன். நடுவில் ஒரு இன்லேண்ட் லெட்டர். பம்பாயிலிருந்து அக்காவின் கணவர் எழுதியது.

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். படித்தேன். அங்கே அவருக்கு வேறு குடும்பம் ஆகிவிட்டது, இனி வரமாட்டேன், தேட வேண்டாம் என்று நாலு வரி. தபால் முத்திரையில் இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. தெருவில் எல்லாரும், அவர் மில்லில் இருக்கிறார், மாதாமாதம் பணம் அனுப்புகிறார் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தார்கள். அக்கா தையல் மிஷின் மிதித்தது பொழுதுபோக்குக்கு என்று நினைத்திருந்தோம்.

கடிதத்தை அதே பக்கத்தில் வைத்து, புத்தகத்தை வைத்து, பூட்டி, சாவியை நிலைக்கு மேலே வைத்துவிட்டேன். ஒரு துரும்பு குறையவில்லை. போலீசைக் கூப்பிட்டு, 'என்ன காணோம்?' என்று கேட்டால் ஒன்றும் காணோம் என்றுதான் அக்கா சொல்லியிருப்பார். தகவல் திருட்டில் இதுதான் விசேஷம். பொருள் வைத்த இடத்திலேயே இருக்கும்.

செஞ்சிலுவைச் சங்கத்தின் டைரக்டர் ஜெனரல் ராபர்ட் மார்தினி, திருட்டு தெரிந்ததும் முகம் தெரியாத அந்தத் திருடர்களை நோக்கி ஒரு வேண்டுகோள் விடுத்தார். உங்களிடம் இருக்கும் விவரங்களுக்குப் பின்னால் உலகத்திலேயே மிகவும் சக்தியற்ற மனிதர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அதை யாருக்கும் கொடுக்காதீர்கள், விற்காதீர்கள், வெளியிடாதீர்கள் என்ற பொருளில். பேப்பரில் படித்த என் நண்பர் ஒருவர், சாஃப்ட்வேர்காரர், சிரித்தார். 'ஹேக்கருக்கு மனசாட்சி இருக்கும்னு நம்பறாங்க பாருங்க சார்.' எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது அதே தெருவுக்குப் போனால் கிரில் கேட். இரண்டு வீட்டில் கேமரா. போன தடவை போயிருந்தபோது, எழுபதைத் தாண்டிவிட்ட அக்காவோடு ரேஷன் கடைக்குத் துணைக்குப் போனேன். 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் விரல் ரேகை வைக்க வேண்டும். அக்கா வலது கட்டைவிரலை வைத்தார். இல்லை என்றது மிஷின். ஆள்காட்டி விரல். இல்லை. புடவையில் துடைத்துவிட்டு இடது கை. இல்லை. தையலிலும் மல்லாட்டை உரித்ததிலும் தேய்ந்துபோன விரல்கள். கடைக்காரர் நல்ல மனுஷர், மொபைலுக்கு ஓ.டி.பி. வரவழைத்து அரிசியைப் போட்டு அனுப்பினார். புள்ளியும் கோடும் சேர்த்து எழுதத் தெரிந்தவனை ஜெனிவாவில் உள்ளே விட்ட அதே கேள்விதான், இங்கே சொந்த விரலோடு வந்தவரை வெளியே நிறுத்துகிறது.

"நான் நானில்லையாம்பா" என்றார் அக்கா, வழியெல்லாம் சிரித்துக்கொண்டு.

வீட்டுக்கு வந்து டீ போட்டுக் கொடுத்தார். நாற்பது வருஷமாக வயிற்றில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன். ரதசப்தமி, சாவி, டிரங்குப் பெட்டி, கடிதம். தலையைத் தூக்காமல்தான் சொன்னேன்.

"தெரியும் தம்பி" என்றார். "நான் சாவியோட வளையத்த செவுத்துப் பக்கமா வைப்பேன். அன்னிக்கு வந்து பாத்தா தெருப் பக்கமா இருந்துது. தெருவே ஆத்துல. நீ ஒருத்தன்தான் திரும்பி வந்தவன். அப்பால ஒரு மாசம் என் மூஞ்சிய நீ பாக்கல. நீ யாருகிட்டயும் சொல்லலன்னும் தெரியும். சொல்லியிருந்தா எனக்குக் காதுல வுழுந்திருக்கும்."

"அதுக்கப்புறம் சாவியை இடம் மாத்திட்டீங்களாக்கா?"

"சாவிய எதுக்கு மாத்தணும்? அவசரத்துக்கு எண்ணெய், தீப்பெட்டின்னு நாலு பேரு வருவாங்க போவாங்க. கடுதாசியத்தான் எடுத்து அடுப்புல போட்டேன்" என்றவர், டம்ளரைப் பார்த்து, "ஆறிப்போச்சு பாரு, குடி" என்றார்.